பல் மருத்துவ முதலாண்டைப் படிப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, மேட்டூருக்கு அருகில் காவிரித் தண்ணீரைக் குடித்து வாழ்ந்த ஒரு குடும்பம், பென்னாகரம் வட்டத்திலுள்ள எங்கள் ஊருக்குக் குடிவந்தது. மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது. என் வகுப்பிலேயே சேர்ந்தாள். அவளுடைய தம்பிக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வராத காலம் அது. ஊரார் எல்லோரையும்போல அவர்களும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள். சில ஆண்டுகள் கழித்துத் தம்பிக்குப் பால்பற்கள் விழுந்து முளைத்த முன்பற்களில் சுண்ணாம்பு பூசியதைப் போன்ற திட்டுகள் தெரிந்தன. பின்னர் அவற்றின்மேல் பழுப்புக் கோடுகள் படிந்தன. அக்காவின் பற்களில் ஒரு புள்ளிகூட இல்லை. "அவள் அம்மா வாகு, அவன் அப்பா வாகு" என்று ஊரில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அப்பாவின் பற்களும் வெள்ளையாகத்தான் இருந்தன என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரே வீடு, ஒரே குடம், ஒரே தண்ணீர். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இந்தக் கேள்விக்கான விடை பி.டி.எஸ். முதலாண்டுப் பாடத்திலேயே முழுமையாக இருக்கிறது. ஆனால் அது ஒரே நூலில் ஒரே பக்கத்தில் இல்லை. உடற்கூறியலிலும் உயிர்வேதியியலிலும் பல் திசுவியலிலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. முதலாண்டில் தடுமாறுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தத் துண்டுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறவர்களே என்பது, நானும் அப்படித் தடுமாறியவர்களில் ஒருத்தி என்ற முறையில், என் கருத்து. எந்தப் பாடத்தை எடுத்தாலும் "இது எப்போது உருவானது?" என்ற ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், சிதறிய துண்டுகள் தாமாகவே ஒன்றுசேரும். கீழே வரும் படிகள் அந்தக் கேள்வியைச் சுற்றி அமைந்தவை.

முதல் படி: எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

பி.டி.எஸ். படிப்பு நான்கு ஆண்டுப் பாடமும் ஓராண்டு பயிற்சி மருத்துவக் காலமும் கொண்டது. முதலாண்டில் மூன்று பெரிய தாள்கள் இருக்கின்றன. முதலாவது, கருவியலும் எலும்பியலும் திசுவியலும் சேர்ந்த பொது உடற்கூறியல். இரண்டாவது, உடலியங்கியலும் உயிர்வேதியியலும் ஊட்டச்சத்தும் சேர்ந்தது. மூன்றாவது, பல் உடற்கூறியலும் வாய்த் திசுவியலும். இவற்றோடு செயற்கைப் பல் தொடர்பான செய்முறையும் பல் மருத்துவப் பொருள்கள் பற்றிய பாடமும் முதலாண்டிலேயே தொடங்கிவிடும். அவற்றின் தேர்வு இரண்டாம் ஆண்டில் வருவதால், பலர் அந்தச் செய்முறை வகுப்பை ஓய்வு நேரமாக எண்ணிவிடுகிறார்கள். அப்படி எண்ண வேண்டாம். பிளாஸ்டரைக் கட்டியில்லாமல் கலக்கும் கைப்பழக்கம் ஒரே வாரத்தில் வந்துவிடாது.

வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தேர்ச்சிக்கு 50 விழுக்காடு வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் பெரும்பாலும் சேலம், சென்னை, பெங்களூரு என்று வெளியூரில் தங்கிப் படிக்க நேர்வதால், ஊர்த் திருவிழாவுக்கும் மாங்காய்ப் பருவத்துக்கும் எடுக்கிற விடுப்புகளைக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: தமிழ்வழிப் படிப்பிலிருந்து கடந்து செல்லுதல்

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டில் இடம்பெற்று வருகிற மாணவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். 2020இல் அந்த ஒதுக்கீடு வந்த பிறகு அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு அணிவது அரிய காட்சியாக இல்லை. நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம், பி.டி.எஸ். பாடமோ முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் மூன்று மாதங்களில் ஏற்படும் மிரட்சி பாடத்தின் கடினத்தால் அன்று, சொற்களின் எண்ணிக்கையால் வருவது.

இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, சொற்களை முழுதாக மனப்பாடம் செய்யாமல் உடைத்துப் படிப்பதுதான். 'பிளாஸ்ட்' என்று முடியும் செல் எதையோ உருவாக்குகிறது. 'கிளாஸ்ட்' என்று முடியும் செல் எதையோ அரித்துக் கரைக்கிறது. ஆகவே அமெலோபிளாஸ்ட் பல்லின் வெளி உறையான எனாமலை உருவாக்குவது, ஒடோன்டோபிளாஸ்ட் அதற்கு உள்ளேயுள்ள டென்டைனை உருவாக்குவது, ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பைக் கரைப்பது. 'பெரி' என்றால் சுற்றியிருப்பது. பல்லைச் சுற்றியிருக்கும் தசைநார் பெரியோடான்டல் லிகமென்ட் ஆயிற்று. இப்படி ஐம்பது வேர்களைத் தெரிந்துகொண்டால் ஐந்நூறு சொற்கள் பழகிவிடும். ஒரு நீளவாக்கு நோட்டில் இடப்பக்கம் சொல்லையும், வலப்பக்கம் உங்கள் சொந்தத் தமிழில் அதன் பொருளையும் எழுதுங்கள். அகராதித் தமிழ் வேண்டாம், உங்கள் அம்மாவுக்கு விளக்கினால் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதினால் போதும்.

திசைச் சொற்களை முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும். முகத்தின் நடுக்கோட்டை நோக்கிய பக்கம் மீசியல், அதற்கு அப்பாலான பக்கம் டிஸ்டல், கன்னத்தை நோக்கியது பக்கல், நாக்கை நோக்கியது லிங்குவல், மேல்தாடையில் அண்ணத்தை நோக்கியது பாலட்டல், மெல்லும் பரப்பு ஆக்லூசல். இவற்றில் தடுமாற்றம் இருந்தால் மெழுகில் பல் செதுக்கும்போது இடப்பக்கப் பல்லை வலப்பக்கப் பல்லாகச் செய்து முடித்திருப்பீர்கள். நான் செய்திருக்கிறேன், மூன்று மணி நேர உழைப்பு, கையெழுத்துக் கிடைக்கவில்லை.

பல்லுக்கு எண்ணிடும் முறையும் இதே வாரத்துக்குரியது. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் ஈரிலக்க முறையில் முதல் இலக்கம் வாயின் காற்பகுதியையும், இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. பால்பற்களுக்கு அதே வரிசையில் 5 முதல் 8 வரை. எனவே 36 என்பது கீழ் இடப்பக்கத்து முதல் நிலைக் கடைவாய்ப்பல். அதை 'முப்பத்தாறு' என்று படிக்காமல் 'மூன்று, ஆறு' என்றே படிக்கப் பழகுங்கள். வலது என்பது நோயாளியின் வலது. எதிரே நிற்கும் உங்களுடைய வலது அன்று.

மூன்றாம் படி: பல்லின் நாள்காட்டியை எழுதிச் சுவரில் ஒட்டுதல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் பின்பற்ற நேரம் இருக்கிறதென்றால், இந்தப் படியைப் பின்பற்றுங்கள்.

பதினோராம் வகுப்பு விலங்கியலில் மனிதனுக்கு 20 பால்பற்களும் 32 நிலைப்பற்களும் உண்டு என்று படித்திருப்பீர்கள். அந்த எண்களோடு பள்ளிப்பாடம் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழகப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. பல் முளைக்கும் நாளை ஊரே கொண்டாடும். பல் உருவாகத் தொடங்கும் நாளோ தாயின் வயிற்றில், ஆறாவது வாரத்தில், யாருக்கும் தெரியாமல் கடந்துபோகிறது. அப்போது வாயின் மேற்புறத் திசு தடித்துப் பட்டையாகி, அதிலிருந்து மொட்டுப் பருவம், தொப்பிப் பருவம், மணிப் பருவம் என்று பல் வளர்கிறது. மணிப் பருவத்தில்தான் செல்கள் தத்தம் வேலையைப் பிரித்துக்கொண்டு டென்டைனையும் எனாமலையும் படியவைக்கின்றன. டென்டைன் முதலில் படியும், எனாமல் பிறகே படியும் என்ற வரிசையை மறக்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் கேட்கத் தவறாத கேள்வி அது.

இனி அட்டவணை. லோகனும் குரோன்ஃபெல்டும் 1933இல் வெளியிட்ட காலவரிசைதான், சில திருத்தங்களோடு, இன்றும் பாடநூல்களில் அடிப்படையாக இருக்கிறது. முதல் நிலைக் கடைவாய்ப்பல் பிறப்பின்போதே தாது ஏறத் தொடங்கி, இரண்டரை முதல் மூன்று வயதுக்குள் எனாமல் நிறைந்து, ஆறு அல்லது ஏழு வயதில் முளைக்கிறது. மேல் நடு வெட்டுப்பல் மூன்று நான்கு மாதத்தில் தொடங்கி, நான்கைந்து வயதில் எனாமல் நிறைந்து, ஏழெட்டு வயதில் வெளிவருகிறது. கோரைப்பல்லின் எனாமல் ஆறேழு வயதில் முடிகிறது. முன்கடைவாய்ப்பற்களும் ஏழு வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. இரண்டாம் கடைவாய்ப்பல் ஏழெட்டு வயதில் முடிந்து பன்னிரண்டு வயதையொட்டி முளைக்கிறது. ஆக, எட்டு வயது நிறைந்த ஒரு குழந்தையின் வாயில் முளைத்தும் முளைக்காமலும் இருக்கிற நிலைப்பற்களில், ஞானப்பற்கள் நான்கையும் தவிர்த்து, மற்ற 28 பற்களின் எனாமலும் முடிந்துபோன கணக்கு. ஞானப்பல் மட்டும் ஏழிலிருந்து பத்து வயதுக்குள் தொடங்கி, பன்னிரண்டிலிருந்து பதினாறு வயதுவரை எனாமலைக் கட்டிக்கொண்டிருக்கும். வேரின் கணக்கு எளிது: எந்த நிலைப்பல்லானாலும் முளைத்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் வேர் நிறைவடையும்.

அட்டவணையை வரிசையாக மனப்பாடம் செய்தால் பத்து நாளில் மறந்துவிடும். அதற்குப் பதிலாக வீட்டிலுள்ள குழந்தைகளை அட்டவணையில் நிறுத்துங்கள். சித்தப்பா மகனுக்கு மூன்று வயதா? அவனுடைய முதல் நிலைக் கடைவாய்ப்பல் ஈறுக்குள் எனாமல் முடிந்து படுத்திருக்கிறது. முன்பல் பாதி கட்டப்பட்டிருக்கிறது. அத்தை மகளுக்கு ஆறு வயதா? கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, புதிதாக ஒரு பல் எட்டிப் பார்க்கும். எந்தப் பல்லும் விழாமல் வந்ததாலேயே அதைப் பால்பல் என்று எண்ணி, சொத்தை விழுந்தாலும் "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிற பெற்றோர் கிருஷ்ணகிரியில் என் மருத்துவமனைக்கு வாரந்தோறும் வருகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காத பல் என்று அவர்களுக்குச் சொல்வது எனக்கு இன்னும் பழகவில்லை.

நான்காம் படி: உடற்கூறியலை உங்கள் முகத்திலேயே படித்தல்

பொது உடற்கூறியலில் கை, கால், மார்பு, வயிறு எல்லாம் உண்டு. ஆனால் பல் மருத்துவ மாணவருக்குத் தலையும் கழுத்துமே நெஞ்சம் போன்ற பகுதி. மற்றவற்றைத் தேர்வுக்குத் தேவையான அளவில் படித்துக்கொண்டு, நேரத்தைத் தலை, கழுத்துக்குக் கொடுங்கள்.

பிணவறுவை மேசையில் பார்ப்பதற்கு முன்பே, கண்ணாடி முன் நின்று சிலவற்றைத் தொட்டுப் பாருங்கள். பற்களை இறுகக் கடித்தால் கன்னத்தின் பின்பகுதியில் திரள்வது மாசெட்டர் தசை. நெற்றிப் பொட்டில் அசைவது டெம்போராலிஸ். கடித்தபடியே மாசெட்டரின் முன்விளிம்பு கீழ்த்தாடை எலும்பைத் தொடும் இடத்தில் விரலை வைத்தால் முகத் தமனியின் துடிப்பு தெரியும். காதின் முன்மடலுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் தாடை மூட்டு நகர்வதை உணரலாம். வாயைத் திறக்க உதவும் மெல்லும் தசை வெளிப்புற டெரிகாய்டு ஒன்றுதான். மற்ற மூன்றும் மூடுவன. மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் நாக்கால் தடவினால் சிறு மேடு தட்டுப்படும். காதடி உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம் திறக்கும் வாய் அதுதான்.

கீழ்த்தாடை எலும்பை சீனியரிடம் இரவல் வாங்கியாவது ஒரு மாதம் உங்கள் மேசையில் வைத்திருங்கள். ஐந்தாம் மூளை நரம்பின் மூன்றாம் கிளையிலிருந்து பிரியும் நரம்பு எந்தத் துளை வழியாக உள்ளே புகுந்து, எந்தத் துளை வழியாக முன்கடைவாய்ப்பற்களுக்குக் கீழே வெளிவருகிறது என்பதை ஒரு நூல் துண்டை நுழைத்துப் பாருங்கள். மரத்துப்போகும் ஊசியை மூன்றாம் ஆண்டில் கையில் எடுக்கும்போது அந்த நூல்தான் நினைவுக்கு வரும்.

ஐந்தாம் படி: ஸ்லைடைக் காலக்குறிப்பாக வாசித்தல்

வாய்த் திசுவியல் என்றால் ஹீமடாக்சிலின், இயோசின் வண்ணத்துக்கேற்ப ஊதாவும் இளஞ்சிவப்புமான இரண்டு பென்சில்களால் ரெக்கார்டு நோட்டை நிரப்பும் வேலை என்றே முதலில் தோன்றும். நண்பரின் நோட்டைப் பார்த்து வரைவதில் ஒரு பயனும் இல்லை. நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்தபடியே வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஸ்லைடு எவ்வாறு செய்யப்பட்டது என்பதுதான். எனாமலில் எடைப்படி ஏறத்தாழ 96 விழுக்காடு தாது; டென்டைனில் ஏறத்தாழ 70 விழுக்காடு. பல்லை அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவை நீக்கி மெல்லிதாக வெட்டினால், மிருதுவான திசு எல்லாம் தங்கும், எனாமல் கரைந்து போய்விடும். பல்லைக் கல்லில் தேய்த்து மெல்லிதாக்கினால், எனாமல் தங்கும், பற்கூழ் போய்விடும். தாது நீக்கிய ஸ்லைடைக் காட்டி "எனாமலைக் காட்டு" என்று தேர்வாளர் கேட்டால், எந்தக் கோட்டையும் சுட்டிக்காட்டாமல், "அது இருந்த வெற்றிடம் இது" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

தேய்த்த ஸ்லைடில் எனாமலுக்குக் குறுக்கே மரத்தின் ஆண்டு வளையம்போல் பழுப்புக் கோடுகள் தெரியும். ரெட்சியஸ் கோடுகள் என்பார்கள். ஏறத்தாழ வாரத்துக்கு ஒன்றாகப் படிந்த வளர்ச்சிக் கோடுகள் அவை. அவற்றுக்கிடையே நாளுக்கு ஏறத்தாழ நான்கு மைக்ரான் வளர்ந்த குறுக்குவரிகளும் உண்டு. பால்பற்களிலும் முதல் நிலைக் கடைவாய்ப்பல்லிலும் மற்றவற்றைவிடத் தடித்த ஒரு கோடு இருக்கும்: அது குழந்தை பிறந்த நாள். வயிற்றுக்குள் கட்டிய எனாமலுக்கும் வெளியே வந்து கட்டிய எனாமலுக்கும் நடுவில், பிறப்பின் அதிர்ச்சியைப் பல் கோடு போட்டு வைத்திருக்கிறது. எனாமல் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போது அழிந்துவிடுகின்றன. எனவே எழுதியதை அழித்து எழுதவும் வழியில்லை. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; எனாமல் புதுப்பித்துக்கொள்ளாது. எங்கள் மாவட்டத்துப் பற்களின் கதை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

ஆறாம் படி: உமிழ்நீரையும் சர்க்கரையையும் தேநீர்க் கடையில் படித்தல்

நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை உமிழ்நீர் சுரக்கிறது. உறக்கத்தில் மிகக் குறைந்துவிடுகிறது. வாயின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் தாதுவை இழக்கத் தொடங்கும். சர்க்கரை பட்ட சில நிமிடங்களில், பல்மேல் படியும் கிருமிப் படலமான பற்படலத்தின் பிஎச் சரிந்து, அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் மெல்ல ஏறுவதை ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர் 1940களில் வரைந்து காட்டினார். அந்த வளைவை வரையத் தெரியாமல் முதலாண்டைத் தாண்ட முடியாது.

தருமபுரிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் நின்றால் அந்த வளைவு விளங்கிவிடும். ஒருவர் காலையில் ஒரே தடவை மூன்று கரண்டிச் சர்க்கரையோடு தேநீர் குடிக்கிறார். இன்னொருவர் அரைக் கரண்டி சர்க்கரையோடு நாள் முழுவதும் ஆறு தடவை குடிக்கிறார். இருவரும் குடித்த சர்க்கரை ஒரே அளவு. இரண்டாமவரின் எனாமல்தான் ஆறு தடவை தாழ்வளைவில் இறங்குகிறது. எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே சொத்தைக்கு முக்கியம். இங்கும் காலந்தான் கணக்கு.

உயிர்வேதியியலில் கொலாஜன், வைட்டமின் சி, வைட்டமின் டி, கால்சியம் ஆகியவற்றைப் பல்லோடு சேர்த்தே படியுங்கள். நம் வீட்டுக் களி இதற்கு நல்ல துணை: 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

ஏழாம் படி: மெழுகைச் செதுக்குதல்

கார்விங் வகுப்பைப் பற்றி சீனியர்கள் பயமுறுத்துவார்கள். கைத்திறன் பிறவியில் வருவது என்ற பேச்சை நம்ப வேண்டாம்; அளவெடுக்கும் பொறுமைதான் இங்கு முக்கால் பங்கு. மேல் நடு வெட்டுப்பல்லின் பாடநூல் அளவு: தலைப்பகுதியின் நீளம் 10.5 மில்லிமீட்டர், வேர் 13, அகலம் 8.5, முன்பின் தடிமன் 7. இந்த விகிதத்தைப் பெரிதாக்கி மெழுகுக் கட்டியின் இரண்டு பக்கங்களில் வெளிக்கோடு வரைந்து, ஒரு பக்கத்தை முழுதாக வெட்டிய பிறகே மறுபக்கத்துக்குச் செல்லுங்கள். மெழுகு விலையுயர்ந்ததாகத் தோன்றினால் குளியல் சோப்பில் பழகுங்கள். விடுதி அறையில் செதுக்கிய துகளைத் துணி துவைக்கவும் பயன்படுத்தலாம், நாங்கள் பயன்படுத்தினோம்.

உண்மையான பற்களைப் பார்க்காமல் செதுக்குவது, ஆளைப் பார்க்காமல் சிலை வடிப்பது போன்றது. பிடுங்கிய பற்களைத் தெரிந்த மருத்துவரிடம் அனுமதியோடு கேட்டு வாங்கலாம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உலரவிட்டால் வெடிக்கும் என்பதால் திரவத்திலேயே வைக்க வேண்டும். கிருமிநீக்கம் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது. வெள்ளி நிறப் பாதரசக் கலவை அடைத்த பற்களை ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமிநீக்கும் கருவி) வைக்கவே கூடாது. பாதரச ஆவி வெளிவரும்.

எட்டாம் படி: ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தல்

விடுமுறையில் ஊருக்கு வரும்போது, வெளியூர் மாணவர்களுக்கு வாய்க்காத ஒரு பாடம் உங்களுக்கு வீட்டுவாசலிலேயே காத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளிலுள்ள ஃபுளோரின் தாதுக்கள் நிலத்தடி நீரில் கரைந்து, பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரின் ஃபுளோரைடை உயர்த்தியிருக்கின்றன. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம்வரை அனுமதி. இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (மிகுதியான ஃபுளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்பு) தணிப்பு என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது.

எனாமல் முற்றும் பருவத்தில், முதலில் படிந்த புரதங்கள் விலகி அவ்விடத்தில் தாது நிறைய வேண்டும். மிகுதியான ஃபுளோரைடு அந்த விலகலைத் தடுக்கிறது. மேற்பரப்புக்குக் கீழே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. பல் முளைக்கும்போது அது சுண்ணாம்பு வெள்ளையாகவே முளைக்கிறது. பழுப்பு நிறம் பிறகு, வாய்க்குள் வந்த பின், அத்துளைகளில் ஏறுகிற கறை. எனவே செங்கல் தூளாலும் சாம்பலாலும் தேய்த்து அதைப் போக்கப் பார்க்கிறவர்கள் நல்ல எனாமலையும் சேர்த்துத் தேய்க்கிறார்கள்.

இந்த நோயின் வரலாறும் காலக் கணக்கில்தான் துலங்கியது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901இல் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே, அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் கறை இருப்பதையும், வளர்ந்த பிறகு குடிவந்தவர்களுக்கு அது வராததையும் கவனித்தார். காரணம் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்பது 1931இல்தான் தெரிந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் வகுத்து 1942இல் திருத்திய அளவுகோல், இயல்பு, ஐயம், மிக இலேசு, இலேசு, நடுத்தரம், கடுமை என்று ஆறு நிலைகளாகப் பற்களைப் பிரிக்கிறது. மிக இலேசு என்றால் பரப்பில் 25 விழுக்காட்டுக்கும் குறைவு. இலேசு என்றால் 50 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்த அளவுகோலை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, சம்மதிக்கிற உறவினர்களின் பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள் போதும்: பிறந்தது எங்கே, எட்டு வயதுவரை குடித்தது எந்தத் தண்ணீர், ஊர் மாறியது எந்த வயதில். வயதானவர்களிடம் "நீங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப எந்தக் கெணத்துத் தண்ணி?" என்று தொடங்கினால் அரை மணி நேரக் கதை கிடைக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் சென்றால் கன்னடமும் தெலுங்கும் நான்கு வாக்கியமாவது தெரிந்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவர் பார்க்கலாம், கேட்கலாம், எழுதிக்கொள்ளலாம். மருந்து சொல்லக் கூடாது. பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைச் சுட்டிக்காட்டிப் போன வீடுகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்பதால், பேச்சில் கவனம் வேண்டும். "கறை" என்ற சொல்லை நான் இப்போது நோயாளிகளிடம் பயன்படுத்துவதில்லை.

ஒன்பதாம் படி: தேர்வுக்கு முந்திய மாதம்

பழைய வினாத்தாள்களைப் பத்தாண்டுக்குச் சேர்த்து எழுதிப் பாருங்கள். நெடுவினாவுக்குப் படம் இல்லாமல் விடை எழுதாதீர்கள். ஸ்பாட்டர் தேர்வில் (வைத்திருக்கும் மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வு) முதலில் தோன்றிய விடையை அழிக்காதீர்கள். வாய்மொழித் தேர்வில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவது, சுற்றி வளைப்பதைவிட மதிப்பெண் காக்கும். இவை எல்லோரும் சொல்வதுதான். நான் கூடுதலாகச் சொல்வது, படிப்பு விடுமுறையில் புதிதாக எதையும் தொடங்காமல், நாள்காட்டி அட்டவணையை ஒவ்வொரு பாடத்தோடும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள் என்பதே.

அப்படிப்பட்ட விடுமுறை ஒன்றில்தான் நான் ஊருக்கு வந்திருந்தேன். மேட்டூரிலிருந்து வந்த அந்தத் தோழி, கீழ்த்தாடையின் வலப்பக்கக் கோடியில் வலிக்கிறது, வாயைத் திறக்க முடியவில்லை என்று கன்னத்தைப் பிடித்தபடி வந்தாள். எங்கள் இருவருக்கும் பத்தொன்பது வயது. வாசலில் வெயிலுக்கு எதிரே உட்காரவைத்து, புதிதாக வாங்கியிருந்த சிறு கண்ணாடியை உள்ளே விட்டேன். ஈறு ஒரு மடிப்பாக வீங்கி, பாதி மூடிய நிலையில் ஞானப்பல் வெளிவந்துகொண்டிருந்தது. எண் 48. முன்னால் இருந்த ஏழு பற்களும் பளிச்சென்று இருந்தன. அந்தக் கடைசிப் பல்லின் மேட்டில் மட்டும், இன்னும் பழுப்பு ஏறாமல், சுண்ணாம்பு வெள்ளையில் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. அவள் எங்கள் ஊருக்கு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்போது அவள் வாயில் எனாமல் கட்டி முடியாமல் இருந்தவை ஞானப்பற்கள் மட்டுமே.